அப்பாவின் சர்க்கரை மாத்திரையை வார்டில் ஏன் நிறுத்தினார்கள்?

நெஞ்சுச் சளி முற்றி மூச்சு வாங்குகிறது என்று உங்கள் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். அம்மா மறக்காமல் எடுத்துவந்த மாத்திரைப் பையைத் தாதி வாங்கி ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். கொழுப்பு மாத்திரை தொடரட்டும் என்கிறார். சர்க்கரை மாத்திரைகளை மட்டும் ஒதுக்கி வைக்கிறார். மாலையில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். இன்சுலின் போடுகிறார்கள்.

அம்மாவுக்கு உடனே பயம். "ஐயோ, ஊசி வரைக்கும் வந்திருச்சா?"

பதில் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை அம்மாவுக்குத் தமிழிலும், அம்மா கேட்பதை டாக்டருக்கு ஆங்கிலத்திலும் சொல்பவர் நீங்கள். அதனால் இந்த விளக்கமும் உங்களுக்குத்தான்.

முதலில் அம்மாவிடம் சொல்லவேண்டியது இது: ஊசி போட்டதால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம் இல்லை. வார்டில் மாத்திரையை நிறுத்திவைப்பது பெரும்பாலும் சரியான முடிவு. அதிகக் கவனம் தேவைப்படும் நாள் வேறு. அப்பா வீட்டுக்குத் திரும்பும் நாள்.

நம் வீடுகளில் இது ஏன் அடிக்கடி நடக்கிறது?

நீரிழிவு, சர்க்கரை, இனிப்புநீர். எந்தப் பெயரில் சொன்னாலும் நம் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான நோய்தான். 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், சிங்கப்பூரில் பெரியவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடு. 2016ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் "போர்" அறிவித்தது. பின்னர் வந்த ஆய்வுகளில் ஒட்டுமொத்த விகிதம் 2019-2020ல் 9.5 விழுக்காடாகவும் 2021-2022ல் 8.5 விழுக்காடாகவும் பதிவானது. மலேசியாவில் நிலைமை இன்னும் கடுமை. 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு.

மாத்திரை விஷயத்தில் இன்னொரு எண் முக்கியம். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு நீரிழிவுதான் காரணம். எந்தச் சர்க்கரை மாத்திரையை, எந்த அளவில் கொடுக்கலாம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சிறுநீரகம். வார்டில் டாக்டர் முதலில் இரத்தப் பரிசோதனையில் பார்ப்பதும் அதைத்தான்.

மாத்திரைக்கு ஒழுங்கான நாள் வேண்டும்

வாய்வழி மாத்திரைகள் வீட்டு வாழ்க்கைக்கு ஏற்றவை. தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே மாதிரி நடமாட்டம், நிலையான சிறுநீரகம். இதெல்லாம் இருக்கும் என்ற கணக்கில்தான் அளவு எழுதப்படுகிறது.

வார்டில் அந்தக் கணக்கு செல்லாது. ஸ்கேனுக்காக ஒருநாள் காலைச் சாப்பாடு கிடையாது. மறுநாள் கஞ்சி வருகிறது, அப்பா இரண்டு கரண்டியோடு நிறுத்திவிடுகிறார். வாந்தி வந்தால் உடலில் நீர் குறைகிறது, சிறுநீரகம் தடுமாறுகிறது. மூச்சுத் திணறலுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை திடீரென்று ஏறுகிறது. கிருமித்தொற்று மட்டுமே போதும், அதை ஏற்றிவிட.

இன்சுலினை வேளைக்கு வேளை கூட்டலாம், குறைக்கலாம், ஒரு வேளை போடாமலும் விடலாம். விழுங்கிய மாத்திரையைத் திரும்ப எடுக்க முடியாது. மருத்துவமனைகள் நீண்டகாலமாக இன்சுலினையே முதல் தெரிவாக வைத்திருப்பதற்கு இதுதான் அடிப்படைக் காரணம். "இன்சுலின்னா கடைசிக் கட்டம்" என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வார்டில் போடும் இன்சுலினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பலர் வீடு திரும்பும்போது பழையபடி மாத்திரைக்கே போய்விடுகிறார்கள்.

ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு காரணம்

உங்கள் வீட்டுப் பையில் இருக்க அதிக வாய்ப்புள்ள மாத்திரை மெட்ஃபார்மின். உலகெங்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்குப் பெரும்பாலும் முதலில் எழுதப்படுவது இதுதான். விலை குறைவு, தனியாக எடுத்தால் சர்க்கரையைத் தாறுமாறாக இறக்காது. "அந்த மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மை வேறு. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் அது உடலைவிட்டு வெளியேறுவது சிறுநீரகம் வழியாக மட்டுமே. சிறுநீரகம் பலவீனமானால் மருந்து உடலில் தேங்கும். கடும் கிருமித்தொற்றோ இதயச் செயலிழப்போ சேர்ந்துகொண்டால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. அரிதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்தானது. சிறுநீரகச் செயல்பாட்டு அளவு 30க்குக் கீழ் போனால் மெட்ஃபார்மின் கொடுக்கக்கூடாது என்பது பல நாடுகளின் விதி.

ஸ்கேன் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சிடி ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிய அயோடின் கலந்த சாயத்தை நரம்பில் செலுத்துவார்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் மெட்ஃபார்மினை நிறுத்தி, 48 மணிநேரம் கழித்து இரத்தம் பரிசோதித்து, சரியாக இருந்தால் மீண்டும் தொடங்குவார்கள். இந்தக் கடைசிப் படிதான் சில சமயம் நழுவிப்போகும். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

அடுத்தது சல்ஃபோனைல்யூரியா என்ற வகை. பெட்டியில் கிளிப்பிசைட், கிளிக்ளசைட், கிளிமெப்பிரைட் என்று இருக்கும். கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரைகள் இவை. சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவற்றுக்குத் தெரியாது. பட்டினி கிடந்தாலும் கணையத்தை உசுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் சாப்பாடு நிச்சயமில்லாத வார்டில் இவற்றை நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த வகையின் வீரியத்தைச் சிங்கப்பூர் ஒருமுறை மிகக் கொடுமையான விதத்தில் பார்த்தது. 2008ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவே இல்லாத 150 பேர் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிய நிலையில் பொது மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆண்மைக்கு என்று சட்டவிரோதமாக விற்கப்பட்ட மாத்திரைகளில், கிளிபென்கிளமைட் என்ற சல்ஃபோனைல்யூரியா கலந்திருந்தது பரிசோதனைகளில் தெரியவந்தது. எழுவர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள். அவர்களில் நால்வர் உயிரிழந்தார்கள். அவர்களுக்கு நேர்ந்தது கலப்படம். மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை அப்படியல்ல. ஆனாலும் சாப்பாடு குறையும்போதும் சிறுநீரகம் தளரும்போதும் இதே வகை மாத்திரை வயதானவர்களை ஏன் சாய்த்துவிடுகிறது என்பது இதிலிருந்து புரியும். ஒருமுறை சர்க்கரை ஏற்றிய பிறகும் அது மீண்டும் இறங்கலாம். அதனால்தான் "இப்ப நல்லாத்தானே இருக்காரு, ஏன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்கிறாங்க?" என்று நீங்கள் கேட்கும்போதும் டாக்டர் ஒருநாள் கூடுதலாகத் தங்கச் சொல்கிறார்.

மூன்றாவது வகை, பெயர் "கிளிஃப்ளோசின்" என்று முடியும் மாத்திரைகள். எம்பகிளிஃப்ளோசின், டபகிளிஃப்ளோசின். இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். சாப்பிடாமல் இருக்கும்போது இவற்றைத் தொடர்ந்தால், உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலப் பொருளைக் குவிக்கக்கூடும். இதில் தந்திரமான விஷயம், விரல் குத்திப் பார்க்கும்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது. எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். அறுவைச் சிகிச்சைக்கு முன் இவ்விரு மாத்திரைகளையும் குறைந்தது மூன்று நாள் நிறுத்தவேண்டும் என்று 2020ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்ததும் இதனால்தான். அப்பாவுக்கு முன்கூட்டியே தேதி குறித்த அறுவைச் சிகிச்சை இருந்தால், இந்த மாத்திரையைப் பற்றி முதல் நாள் கேட்பது தாமதம். தேதி கிடைத்த அன்றே கேளுங்கள்.

"கிளிப்டின்" என்று முடியும் சிட்டகிளிப்டின், லினகிளிப்டின் வகைக்கு வார்டில் கொஞ்சம் சலுகை உண்டு. தனியாக எடுத்தால் சர்க்கரையை அதிகம் இறக்காது. லினகிளிப்டினுக்குச் சிறுநீரகத்தைப் பார்த்து அளவைக் குறைக்கவேண்டிய அவசியமும் இல்லை. அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்து 2017ல் வெளியான ஓர் ஆய்வில், தினம் ஒரு சிட்டகிளிப்டின் மாத்திரையும் ஒருவேளை இன்சுலினும் கொடுத்தவர்களின் சர்க்கரை, வேளாவேளைக்கு இன்சுலின் போட்டவர்களின் சர்க்கரைக்குச் சளைக்காமல் கட்டுக்குள் இருந்தது. ஊசி எண்ணிக்கை குறைந்தால் நோயாளிக்கும் நிம்மதி, தாதிக்கும் நேரம் மிச்சம். ஆனால் இந்த வகையிலேயே சாக்ஸகிளிப்டின் எடுத்தவர்களில் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் சற்று அதிகம் என்று 2013ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே எல்லாக் கிளிப்டினும் ஒன்றல்ல.

"சர்க்கரை 9 இருக்கே, ஏன் சும்மா இருக்காங்க?"

வீட்டில் 6, 7 என்று பார்த்துப் பழகியவர்களுக்கு வார்டில் 9 என்ற எண் அதிர்ச்சி தரும். தாதியிடம் கேட்டால், "ஓகேதான்" என்பார். அலட்சியம் இல்லை அது.

ஒருகாலத்தில் மருத்துவமனையிலும் சர்க்கரையை இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்றுதான் நினைத்தார்கள். 2009ல் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 6,000க்கும் அதிகமானோரிடம் நடந்த ஒரு பன்னாட்டு ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. சர்க்கரையை 4.5க்கும் 6க்கும் இடையில் இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 விழுக்காட்டினர் 90 நாளுக்குள் இறந்தார்கள். 10 வரை விட்டுப்பிடித்தவர்களில் 24.9 விழுக்காடு. அதன்பிறகு, நோய்வாய்ப்பட்டிருக்கும்போது பெரும்பாலோருக்குச் சர்க்கரை 10ஐத் தாண்டாமல் இருந்தால் போதும், மிகவும் இறக்கிவிடக்கூடாது என்பதே பரவலான அணுகுமுறை.

இங்கே ஒரு விஷயம். வீட்டில் மூன்று மாத்திரை எழுதியிருக்கும், அப்பா உண்மையில் ஒன்றுதான் சாப்பிட்டிருப்பார். விலை, வயிற்றுப்போக்கு, "இத்தனை மாத்திரையா?" என்ற சலிப்பு. காரணம் எதுவாகவும் இருக்கலாம். டாக்டர் பார்ப்பது கணினியில் இருக்கும் பட்டியலை. அதன்படி மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வெந்தயப் பொடி, பாகற்காய்ச் சாறு, யாரோ வாங்கிவந்த "இயற்கை" மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்து, உண்மையில் என்ன எடுக்கிறார் என்று சொல்லுங்கள். அப்பா முன்னிலையில் சொல்ல முடியாவிட்டால் வார்டுக்கு வெளியே தாதியிடம் தனியாகச் சொல்லலாம்.

எழுதும் வழக்கம் மாறுகிறது

இதுவரை சொன்னதைக் கேட்டால், மருத்துவமனையில் மாத்திரை எப்போதும் நிற்கும், ஒருபோதும் தொடங்காது என்று தோன்றும். அதுவும் மாறிவருகிறது, மாற்றியது அதே "கிளிஃப்ளோசின்" வகைதான்.

2015ல் வெளியான எம்பகிளிஃப்ளோசின் ஆய்வு மருத்துவ உலகைத் திருப்பிப்போட்டது. இதய நோயும் நீரிழிவும் உள்ள 7,000 பேரிடம் நடந்தது. மாத்திரை எடுத்தவர்களிடையே இதய, இரத்தநாள நோயால் ஏற்படும் மரணம் 38 விழுக்காடு குறைந்தது. சர்க்கரை இறங்கியதால் மட்டும் இவ்வளவு வேகமாக இது நடந்திருக்க முடியாது. 2019ல் டபகிளிஃப்ளோசின், நீரிழிவே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் பலன் தந்தது. மறு ஆண்டில் சிறுநீரக நோயிலும் அதே கதை. 2022ல் வெளியான இன்னோர் ஆய்வில், இதயச் செயலிழப்பு முற்றிச் சேர்ந்த நோயாளிகளுக்கு, நிலை சற்றுத் தேறியதும் மருத்துவமனையிலேயே எம்பகிளிஃப்ளோசினைத் தொடங்கினார்கள். 90 நாளில் அவர்கள் நிலை மற்றவர்களைவிட நன்றாக இருந்தது.

ஆக, ஒரே மாத்திரை ஒரு வார்டில் நிறுத்தப்படுகிறது, பக்கத்து வார்டில் தொடங்கப்படுகிறது. குடலில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு ஆபத்து. இதயம் பலவீனமாகி, இப்போது நன்றாகச் சாப்பிடத் தொடங்கியவருக்கு மருந்து. "பக்கத்துக் கட்டில்காரருக்குக் குடுக்கிறாங்க, எனக்கு ஏன் இல்ல?" என்று தாத்தா கேட்டால் இதைச் சொல்லலாம். "எனக்குச் சர்க்கரையே இல்லையே, இனிப்புநீர் மாத்திரை ஏன் குடுத்தாங்க?" என்று பாட்டி கேட்டாலும் இதுதான் பதில். பாட்டி அதைக் குப்பையில் போடுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

சரி, வீட்டுக்குப் போகும் நாள்

இங்கேதான் நீங்கள் உட்கார்ந்து கவனிக்கவேண்டும். வீடு திரும்பும் நாளில் எல்லோருக்கும் அவசரம். பில், டாக்ஸி, அடுத்த சந்திப்புத் தேதி, ஒரு பை நிறைய மருந்து. அந்த அவசரத்தில் இரண்டு விதமான தவறு நடக்கலாம், இரண்டும் நேர் எதிர்.

ஒன்று, நிறுத்தியது நின்றுபோவது. ஸ்கேனுக்காக மெட்ஃபார்மினை நிறுத்தினார்கள். மீண்டும் தொடங்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அப்பா "டாக்டரே நிறுத்திட்டாரு" என்று மகிழ்ச்சியாக இருப்பார். பலதுறை மருந்தகத்தில் அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து.

இன்னொன்று, கூட்டியது கூடியபடியே இருப்பது. காய்ச்சலாலும் ஸ்டீராய்டாலும் ஏறிய சர்க்கரையைப் பார்த்து வீடு திரும்பும்போது புதிய மாத்திரை சேர்க்கப்படுகிறது. வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் போய்விடும், ஸ்டீராய்டு முடிந்துவிடும், சர்க்கரை தானாக இறங்கும். மாத்திரை மட்டும் இருக்கும். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் 65 வயதைத் தாண்டிய நீரிழிவு நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒருவர் கூடுதல் சர்க்கரை மருந்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டது தெரிந்தது. அப்படி அனுப்பப்பட்டவர்களுக்கு அடுத்த 30 நாளில் சர்க்கரை கடுமையாக இறங்கும் அபாயம், மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் பெரிய லாபமும் தெரியவில்லை.

என் பார்வையில் இரண்டாவதுதான் அதிகம் பயப்படவேண்டியது. சர்க்கரை சில வாரம் கூடியிருந்தால் சரிசெய்ய நேரம் இருக்கிறது. தனியாக வீட்டில் இருக்கும் 75 வயதுப் பாட்டிக்கு இரவில் சர்க்கரை இறங்கினால் நேரம் கிடையாது. வயதானவர்களிடம் அது நடுக்கமாகவும் வியர்வையாகவும் மட்டும் வராது. குழறிய பேச்சு, சம்பந்தமில்லாத பதில், திடீர்க் கோபம் என்றும் வரும். "வயசாயிடுச்சு, அப்படித்தான் பேசுவாங்க" என்று விட்டுவிடுவோம். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள். 4க்குக் கீழே இருந்து, அவர் விழிப்பாகவும் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 995ஐ அழையுங்கள்.

வேறொரு சிக்கலும் உண்டு, கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் சாதாரணமாக நடக்கக்கூடியது. வீட்டில் இருக்கும் பெட்டியில் கிளுக்கோஃபேஜ் என்று இருக்கும். மருத்துவமனை கொடுத்த பையில் மெட்ஃபார்மின் என்று இருக்கும். இரண்டும் ஒன்றே. பெயர் வேறு என்பதால் அம்மா இரண்டையும் கொடுப்பார். ஜனுமெட், சிக்டுவோ போன்ற மாத்திரைகளுக்குள்ளும் மெட்ஃபார்மின் இருக்கிறது, பெயரைப் பார்த்தால் தெரியாது. டயாமைக்ரோனும் கிளிக்ளசைடும் அப்படித்தான். இது சர்க்கரையை இறக்கும் வகை என்பதால் இரட்டை அளவு உண்மையிலேயே ஆபத்து.

அதனால் மருந்து வாங்கும் முகப்பில் மருந்தாளரிடம் பழைய பையையும் புதிய பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எது தொடரும், எது நின்றது, நின்றது எப்போது திரும்பும், யார் முடிவு செய்வார் என்று கேளுங்கள். புதிதாகச் சேர்த்த மாத்திரை எவ்வளவு நாளைக்கு என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சாப்பிட முடியாத நாளிலோ வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் நாளிலோ எந்த மாத்திரையை விடவேண்டும் என்பதையும் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவரது பட்டியலை இன்னொருவருக்குப் பொருத்த முடியாது. அதனால் இந்தக் கட்டுரையை வைத்து எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

விலையைப் பற்றியும் கூச்சப்படாமல் கேட்கலாம். புதிய மாத்திரைகள் மெட்ஃபார்மினைவிட விலை கூடியவை. நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தின்கீழ் நீரிழிவுச் சிகிச்சைக்கு மெடிசேவ் பயன்படுத்தலாம். அதைச் சொல்லாமல், காசு மிச்சம் என்று அப்பா ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடத் தொடங்கினால், அடுத்த முறை வார்டில் பட்டியல் பொய்யாகிவிடும்.

வீட்டுக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவமனையில் எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் ஏற்றியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்த எண் தவறாகக் காட்டலாம். ஹெல்த்ஹப் செயலியில் பரிசோதனை முடிவுகளைப் பார்க்கலாம். அப்பாவுக்கு ஆங்கிலம் வராவிட்டால், மாத்திரை உறைமேல் ஒரு மார்க்கர் பேனாவால் தமிழில் எழுதிவிடுங்கள். காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், பின். பழைய பையில் நின்றுபோன மாத்திரை மிச்சம் இருந்தால் அது இன்றே வீட்டைவிட்டுப் போகட்டும். அம்மா "வீணாப் போகுதே" என்பார்.